ஹோண்டாவை விட்டு யமஹாவுக்கு



பந்தயத்தில் ஜெயிப்பது வண்டியா, ஓட்டுகிறவரா?

இத்தாலியின் வாலண்டினோ ரோஸி 2001, 2002, 2003 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஹோண்டாவில் உலக சாம்பியன் ஆனார். "அந்த வண்டி கிடைத்தால் யாரும் ஜெயிக்கலாம்" என்ற பேச்சும் கூடவே இருந்தது. 2003 சீசன் முடிந்ததும் அவர் யமஹாவுக்கு மாறினார். உயர்பிரிவில் யமஹா வீரர் ஒருவர் கடைசியாகப் பட்டம் வென்றது 1992-ல். ஹோண்டாவுடனான ஒப்பந்தத்தால், அந்த ஆண்டு முடியும்வரை ரோஸியால் புது வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை.

2004 ஏப்ரல் 18, தென்னாப்பிரிக்காவின் வெல்கம். யமஹாவில் அவருக்கு முதல் பந்தயம். ஹோண்டாவில் கடைசிவரை துரத்தி வந்த மேக்ஸ் பியாஜியைக் கால் நொடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, அதற்கு முத்தம் கொடுத்தார். அந்த ஆண்டுப் பட்டமும் அவருக்கே.

அப்படியானால் எல்லாம் ஓட்டுகிறவர் கையில்தான் என்று முடித்துவிடாதீர்கள். தலைமை மெக்கானிக் ஜெரெமி பர்ஜெஸும் பழைய குழுவில் பெரும்பாலோரும் அவரோடு வந்தார்கள். யமஹாவின் பொறியாளர் மசாவோ ஃபுருசாவா, சிலிண்டர்கள் வெடிக்கும் இடைவெளியையே மாற்றி, கைக்கு அடங்கும் எஞ்சினைத் தந்தார். 2011-ல் டுகாட்டிக்குப் போனபோதும் அதே ரோஸி, அதே பர்ஜெஸ். இரண்டு ஆண்டுகளில் ஒரு வெற்றிகூட இல்லை.

வேலை மாறும் யோசனையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. போகிற இடத்தில் உங்கள் சொல்லைக் கேட்டு வண்டியைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.