எந்த அலுமினியப் பொடி? முதலீட்டுப் பரிசீலனையில் மேம்பட்ட பொருட்களை வரையறுப்பது குறித்துச் சிவகாசிச் சான்றுகள்

சிவகாசிப் பட்டாசு ஆலைகளின் கிடங்கில் வெடியுப்பு, கந்தகம் ஆகியவற்றோடு அலுமினியப் பொடியும் இருக்கும். வெடியின் ஒளிக்கும் ஓசைக்கும் அதுவே காரணம். பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் முதல் கட்டத் திட எரிபொருளிலும் அலுமினியப் பொடிதான் கலக்கப்படுகிறது. வேதியியல் பெயரில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. வேறுபாடு துகளின் வடிவில் இருக்கிறது. பட்டாசு மருந்துக்கு வேண்டியது செதில் வடிவப் பொடி. பரப்பு அதிகமாக இருப்பதால் அது சட்டென்று பற்றும். ஏவூர்திக்கு வேண்டியது உருண்டைத் துகள். பிசின்போன்ற பிணைப்பானில் நெருக்கமாக அடங்கி, கலவை இறுகாமல் அச்சில் ஊற்றக்கூடியதாக இருக்க உருண்டைதான் உதவும். ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் இந்தியா 2016 ஜூனில் சேர்ந்தது. அதன் பட்டியலும் அலுமினியம் முழுவதையும் கட்டுப்படுத்துவதில்லை. உருண்டையான அல்லது உருண்டைக்கு நெருங்கிய வடிவம், 200 மைக்ரானுக்குக் குறைந்த அளவு, 97 விழுக்காட்டுக்குக் குறையாத அலுமினியம், எடையில் பத்தில் ஒரு பங்காவது 63 மைக்ரானுக்கும் கீழ் என்று நான்கு நிபந்தனைகளை அடுக்குகிறது. ஒரே உலோகத்தைப் பயன்படுத்தும் இரண்டு தொழில்களை அந்த வரிகள் பிரித்துவிடுகின்றன.

தேசப் பாதுகாப்பின் பெயரால் அந்நிய முதலீட்டைப் பரிசீலிக்கும் சட்டங்கள் இந்த அளவு நுணுக்கத்தை இன்னும் எட்டவில்லை. பிரிட்டனின் தேசப் பாதுகாப்பு மற்றும் முதலீட்டுச் சட்டம் 2022 ஜனவரி 4 அன்று நடைமுறைக்கு வந்தது. கட்டாய முன்னறிவிப்பு தேவைப்படும் 17 துறைகளில் 'மேம்பட்ட பொருட்கள்' ஒன்று. அதன்கீழ் கூட்டுப்பொருட்கள், உலோகக் கலவைகள், தொழில்நுட்பப் பீங்கான்கள், கிராஃபீன் எனப் பல குடும்பங்கள் வருகின்றன. அமெரிக்கா 2018 இல் வேறு வழியில் போய், முக்கியத் தொழில்நுட்பம் எது என்பதைப் பெரும்பாலும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களோடு இணைத்தது. இந்தியாவின் 2020 ஏப்ரல் அறிவிப்பு பொருளைப் பற்றியே கேட்கவில்லை. பணம் இந்தியாவோடு நிலவழி எல்லை கொண்ட நாட்டிலிருந்து வருகிறதா, அதன் உண்மையான பயனாளி அந்நாட்டவரா என்பதே அதன் கேள்வி. அதே ஆண்டு செப்டம்பரில் பாதுகாப்புத் தளவாடத் துறைக்கு மட்டும் தேசப் பாதுகாப்பு ஆய்வு என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. நாட்டைக் கேட்கும் விதிக்குப் பக்கத்தில் பொருளைக் கேட்கும் விதியும் இந்தியாவுக்குத் தேவை. அது பொருளின் பெயரைப் பிடிக்காமல், பொருள் இருக்கும் நிலையையும் அந்த நிலைக்கு அதைக் கொண்டுவரும் செய்திறனையும் பிடிக்க வேண்டும் என்பது என் வாதம். இதற்கான சான்று வெளிநாட்டுச் சட்ட நூல்களைவிடச் சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் அதிகம் கிடைக்கிறது.

வெடிபொருள் சட்டம் 1884 ஆம் ஆண்டினது. அதன்கீழ் 1992 ஜனவரியில் வந்த ஓர் அறிவிக்கை, கந்தகத்தோடு குளோரேட் கலந்த வெடிபொருளைத் தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் இறக்குமதி செய்வதையும் தடை செய்தது. கந்தகம் தனியாகத் தடையில்லை, குளோரேட்டும் தனியாகத் தடையில்லை. உராய்வுக்கே வெடிக்கக்கூடிய அந்தச் சேர்க்கைதான் குற்றம். அதிலும் தீக்குச்சித் தலைக்கும் பொம்மைத் துப்பாக்கியின் கேப்புக்கும் விலக்கு உண்டு. பட்டாசும் தீப்பெட்டியும் ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே தெருவில் பிழைக்கும் வட்டாரம் இது. பொட்டாசியம் குளோரேட் என்ற பெயரைத் தடை செய்திருந்தால் தீப்பெட்டித் தொழில் அன்றே படுத்திருக்கும். 2008 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இன்னொரு படி போகின்றன. பட்டாசு என்ற ஏழாம் வகுப்புக்குள்ளேயே, அடைக்கப்படாத மருந்துக் கலவை ஒரு பிரிவு, செய்து முடித்த பட்டாசு மறு பிரிவு. காகிதக் குழாய்க்குள் போவதற்கு முந்தைய மருந்துக்கும் போன பின்னான மருந்துக்கும் வேதியியல் ஒன்றுதான். ஆபத்து ஒன்றல்ல என்பது மருந்து அறையில் வேலை பார்ப்பவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெயரைப் பிடித்த வரையறைக்கும் இங்கே சான்று உண்டு. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்தத் தடை விதித்தது. 2021 இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. பச்சை நிறத்துக்கும் ஆக்சிஜன் தருவதற்கும் பேரியம் நைட்ரேட்டை நம்பியிருந்த ரகங்கள் ஒன்றாக அடிபட்டன. இதைத் தவறான வரையறை என்று நான் சொல்லவில்லை. பேரியம் எந்த வடிவில் உள்ளே போனாலும் புகையில் பேரியமாகவே வெளிவரும். மூச்சுக்காற்றைக் காக்க முனையும் நீதிமன்றத்துக்குப் பெயர் போதும். போர்த்திறனோடு தொடர்புள்ள பொருளுக்கு அது போதாது, ஏனெனில் அங்கே திறன் பெயரில் இல்லை. தொழில் உரிமம் கட்டாயமான துறைகளின் பட்டியலில் 'தொழிற்சாலை வெடிபொருட்கள்' என்ற தலைப்பின்கீழ் நைட்ரோசெல்லுலோசும் தீப்பெட்டியும் ஒரே வரியில் நிற்பதைப் பார்த்தால், பெயர்ப் பட்டியல் எவ்வளவு கண்மூடித்தனமாக அடுக்கும் என்பது விளங்கும்.

கோட்டை எவ்வளவு துல்லியமாகப் போடுகிறோமோ அவ்வளவு எளிதாக அதைச் சுற்றிப் போகலாம் என்பது முதல் மறுப்பு. சீன லைட்டர்களின் கதையை அதற்குச் சான்றாகக் காட்டலாம். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டி உற்பத்தியாளர்களின் கோரிக்கைக்குப் பின் 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2024 அக்டோபரில் உதிரிபாகங்களையும் தடை செய்ய வேண்டியதாயிற்று. ஆனால் இங்கே தோற்றது துல்லியம் அல்ல. விலை என்பது பொருளின் பண்பே அல்ல. ரசீதில் பேனாவால் மாற்றக்கூடியது. துகளின் வடிவத்தை அப்படி மாற்ற முடியாது. 63 மைக்ரான் கோட்டைத் தவிர்க்கப் பெரிய உருண்டைகளாக வாங்கி அரைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் நினைத்தால், அலுமினியம் மென்மையான உலோகம், ஆலையில் அரைபட்டதும் செதிலாகிவிடும். ஏவூர்திக்குத் தேவையான பண்பு அங்கேயே போய்விடும். கோட்டைத் தாண்டுபவர் பயனையும் இழக்க வேண்டும். அப்படிப்பட்ட பண்பின் மேல் போட்ட கோடே நிற்கும். உருக்கிய உலோகத்தை மந்தவாயுவால் சிதறடித்து உருண்டையாக்கும் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவர்களும் இருக்கும் நிறுவனத்தின் பங்குகளை வாங்குவது பரிசீலனைக்கு வரவேண்டும். பொடியை மூட்டையில் வாங்கி விற்பவரின் பங்குகள் வரவேண்டாம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: பொருள் எதுவானால் என்ன, உரிமை யார் கையில் என்பதல்லவா முக்கியம்? இதற்கும் இந்த மாவட்டம் சாட்சி. இங்கே மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் தலைமையகம் தரும் நாக்பூர் லைசென்ஸ் என்று தரம் பிரித்தே பேசுவார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகையில் வேறு கைகளுக்குப் போவது 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்துக்குப் பின் பரவலாக வெளிப்பட்டது. பிரிட்டன் சட்டம் பங்கு 25, 50, 75 விழுக்காட்டைக் கடக்கும் தருணங்களைக் கவனிக்கிறது. உள்குத்தகையில் ஒரு பங்குகூடக் கைமாறுவதில்லை, கட்டுப்பாடு முழுதும் மாறிவிடுகிறது. ஆகவே மறுப்பின் பாதியை ஏற்கிறேன். உரிமையை ஆராய ஆள் வேண்டும், நாள் வேண்டும். எல்லா நிறுவனங்களின் உள்குத்தகைகளையும் தோண்ட எந்த அரசாலும் ஆகாது. எங்கே தோண்டுவது என்று சொல்ல, குறுகலான பொருள் வரையறையே முதலில் தேவைப்படுகிறது.

சந்தை ஆதிக்கத்தை இந்த வரையறைக்குள் திணிக்கவும் கூடாது. சுவீடனைச் சேர்ந்த தீப்பெட்டி நிறுவனத்தின் பிடி இந்தியச் சுங்கவரி வாரியத்தை 1928 அறிக்கை வரை இழுத்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அதே பத்தாண்டு அது. அச்சம் நியாயமானது, ஆனால் தீக்குச்சி மேம்பட்ட பொருள் அல்ல. அத்தகைய கவலைக்கு வரியும் போட்டிச் சட்டமும் இருக்கின்றன.

மிச்சம் இருப்பது யார் அளப்பது என்பது. கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாமல் சல்லடையும் நுண்ணோக்கியும் சொல்லிவிடக்கூடிய பண்புகளை மட்டும் வரையறையில் வைத்தால், விண்ணப்பிக்கும் முன்பே உற்பத்தியாளர் தன் நிலையைத் தானே அறிந்துகொள்ளலாம். பசுமைப் பட்டாசுக்கு இது வாய்க்கவில்லை. நுண்துகள் 30 விழுக்காடு குறைய வேண்டும் என்பது விளைவின் மேல் கட்டிய வரையறை; நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வகம் சொல்லும்வரை தன் பட்டாசு பசுமையா இல்லையா என்று செய்தவருக்கே தெரியாது. பெசோவுக்குச் சிவகாசியிலேயே ஒரு பட்டாசு ஆராய்ச்சி வளர்ச்சி மையம் இருக்கிறது. முதலீட்டு விண்ணப்பத்தில் துகள் வடிவம், அளவு, தூய்மை, சிதறடிக்கும் கருவி என்ற நான்கு கட்டங்களைச் சேர்த்து, ஐயம் எழும் மாதிரிகளை அப்படிப்பட்ட மையங்களுக்கு அனுப்பவும், பட்டியலை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டோடு சேர்த்தே திருத்தவும் புதுச் சட்டம் தேவையில்லை. அந்நியச் செலாவணி விதிகளில் ஒரு திருத்தம் போதும்.