நியூட்டன் தேனீப் பெட்டியும் ஆறரை அங்குலப் பலகையும்

தென்னிந்தியத் தேனீ வளர்ப்பின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் தேனையும் தேனீயையும் பற்றிக் கூறுவர். பெட்டியைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிடுவர். அப்பெட்டி எம்மரத்தால், எவ்வளவு அகலமுள்ள பலகையால் செய்யப்பட்டது என்னும் வினாவை முன்வைத்து அவ்வரலாற்றை அணுக இக்கட்டுரை முற்படுகிறது. வீட்டுத் திண்ணையிலேயே ஒருவர் பெட்டி செய்துகொள்ள இயன்றமைக்கு அப்பலகையின் அகலமே முதற்காரணம் என்பது நம் கருத்தாகும்.

தமிழர்க்குத் தேன் புதிதன்று. குறிஞ்சி நிலத்தின் கருப்பொருள்களுள் தேனெடுத்தலும் ஒன்று. அடையைக் குறிக்கும் ‘இறால்’ என்னும் சொல் சங்கப் பாடல்களில் பயில்கிறது. எனினும் அது மலைப்பாறையில் ஏறி எடுத்த தேனேயன்றி வளர்த்து எடுத்த தேனன்று. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டுவன. அவற்றைப் பெட்டிக்குள் வாழச் செய்தல் இயலாது. மரப்பொந்தில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகப் பல அடைகளைக் கட்டும் தேனீயை நம்மக்கள் ‘அடுக்குத்தேனீ’ என்றனர். பெட்டி வளர்ப்பின் அடிப்படை முழுவதும் இப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

அடைகளுக்கிடையே தேனீ விடும் இடைவெளியின் பயனை 1851இல் அமெரிக்கச் சமயகுரு லாங்ஸ்ட்ராத் கண்டறிந்தார். 1852இல் காப்புரிமையும் பெற்றார். அவ்வளவுக்கு இடம்விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால் தேனீ அவ்விடத்தை அடைக்காது. சட்டத்தைத் தனித்தனியே வெளியே எடுக்கலாம். ஆனால் அவர் வகுத்த அளவு ஐரோப்பியத் தேனீக்குரியது. அவருடைய சட்டம் ஏறத்தாழ 448 மில்லிமீட்டர் நீளமும் 232 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. சிறிய குடும்பமாக வாழும் நம் அடுக்குத்தேனீக்கு அது ஆளில்லா அரண்மனை போன்றது.

இவ்விடத்தில்தான் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய அருட்தந்தை நியூட்டனின் பங்களிப்பு அமைகிறது. (வகுப்பறையில் இப்பெயரைச் சொன்னால் மாணவர் ஆப்பிளையே நினைப்பர், இவர் வேறொருவர்.) அவர் இந்தியத் தேனீக்கேற்ற சிறிய பெட்டியொன்றை வகுத்து, 1911 முதல் 1917 வரை ஊரகத்தார்க்குப் பயிற்சியும் அளித்தார். அப்பெட்டியின் புழு அறையில் ஏழு சட்டங்கள். ஒவ்வொன்றும் சுமார் 206 மில்லிமீட்டர் நீளம், 144 மில்லிமீட்டர் உயரம். பரப்பளவில் லாங்ஸ்ட்ராத் சட்டத்தின் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு.

இதனால் தேனீக்கு விளைந்த நன்மையைப் பலரும் எழுதியுள்ளனர். தச்சர்க்கு விளைந்த நன்மையோ கவனிக்கப்படவில்லை. லாங்ஸ்ட்ராத் பெட்டியின் சுவருக்கு ஒன்பதரை அங்குலத்திற்கு மேல் அகலமுள்ள பலகை வேண்டும். அதற்குப் பருத்த மரம் வேண்டும். இல்லையேல் இரு பலகைகளை இணைக்க வேண்டும். நியூட்டன் பெட்டிக்கோ ஆறரை அங்குலப் பலகை ஒன்றே போதும். கதவு, கட்டில் செய்து எஞ்சிய துண்டுகளிலிருந்தும் அதனைப் பெறலாம்.

மரத்தைத் தேர்வதில் விதிகள் சிலவே. கடுமணம் இருத்தலாகாது, எடை மிகுதல் ஆகாது, நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். தேக்கும் சந்தனவேம்பும் ஏற்றவை எனப்படுகின்றன. இவற்றுள் உலர்ந்திருத்தலே தலையாயது என்போம். ஐரோப்பியத் தேனீ மரப்பிசினைத் திரட்டிப் பெட்டியின் விரிசல்களைத் தானே அடைத்துக்கொள்ளும். இந்தியத் தேனீக்கு அவ்வழக்கமில்லை. பச்சைமரப் பலகை சுருங்கி மூட்டு விலகினால் அவ்விடுக்கு அப்படியே நிற்கும். மெழுகு அந்துப்பூச்சி அதன்வழி நுழையும். தேனீக் குடும்பம் பெட்டியைத் துறந்து பறந்துவிடும். ஆகவே இத்தேனீக்குப் பெட்டி செய்பவர் ஐரோப்பியத் தச்சரினும் நுட்பமாக மூட்டுப் பொருத்தியாக வேண்டும்.

மலேசிய வாசகர்க்கு ரப்பர் மரம் நினைவுக்கு வரலாம். கன்னியாகுமரி மாவட்டத் தேனில் பெரும்பகுதி ரப்பரின் இளந்தளிர்களில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்தே கிடைக்கிறது. ஆயினும் அதன் பலகை பெட்டிக்கு உகந்ததன்று. பதப்படுத்தாவிடில் விரைவில் பூசணமும் வண்டும் பற்றும். பதப்படுத்தப் பயன்படும் போரான் உப்புகளோ பூச்சிகளுக்கு நஞ்சு. உணவளிக்கும் மரம் உறைவிடமளிக்கவில்லை.

1920களில் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகச் செயல்விளக்க மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரப்பினார். 1928இல் அரச வேளாண்மை ஆணையமும் இதனை ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது. நியூட்டன், ஹாட்ச் ஆகியோரின் பெயர்கள் நூல்தோறும் உள்ளன. அவ்வளவுகளைப் பலகையில் இழைத்த தச்சர் ஒருவரின் பெயரையேனும் நாம் படித்த நூல்களில் கண்டிலோம். வரைபடத்தை வகுத்தவர் வரலாற்றிலும் மரத்தை அறுத்தவர் வரலாற்றுக்கு வெளியிலும் நிற்பது சிறு குறையன்று.

1991-92இல் தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்திய அடுக்குத்தேனீக் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றை அழித்தது. பெட்டிகள் வீடுதோறும் வெறுமையாகக் கிடந்தன. மாற்றாகப் பரப்பப்பட்ட ஐரோப்பியத் தேனீ அவற்றில் அடங்காது. அதற்கு மீண்டும் அகன்ற பலகையும் பெரிய பெட்டியும் வேண்டும். பின்னர் அடுக்குத்தேனீ சிறிதுசிறிதாக மீண்டது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தேனுக்குரிய பெட்டிகளை இழைத்த பட்டறைகளின் வாய்மொழிச் சான்றுகளை, அத்தலைமுறையினர் நம்மிடையே உள்ளபோதே திரட்டுதல் வேண்டும்.