விலைப்பலகையும் வாக்குச்சீட்டும்

2006 ஆகஸ்டில் அமெரிக்க பெட்ரோல் பங்குகளின் விலைப்பலகை ஒரு காலனுக்கு 3 டாலர் காட்டியது. அக்டோபரில் அது 2.20 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். புஷ் அரசு தேர்தலுக்காகவே விலையை இறக்கியது என்று கேலப் கருத்துக்கணிப்பில் 42 சதவீதம் பேர் சொன்னார்கள். லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் தகர்க்கும் பயங்கரவாதச் சதி ஆகஸ்டில் அம்பலமானதையும் சில விமர்சகர்கள் இதே கணக்கில் சேர்த்தார்கள். இந்த வாசிப்பு சான்றுகளுக்கு முன் நிற்காது. எண்ணெய்ச் சந்தையை அச்சுறுத்திய லெபனான் போர் ஆகஸ்ட் 14-இல் ஓய்ந்தது. முந்தைய ஆண்டின் கத்ரீனா போல எந்தப் புயலும் மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணறுகளைச் சிதைக்கவில்லை. கச்சா எண்ணெய் உலகச் சந்தையிலேயே மலிந்தது.

அப்படியானால் பயங்கரவாத அச்சத்தை ஆளுங்கட்சி பிரசாரமாக்கவில்லையா என்று கேட்கலாம். ஆக்கியது, அது கண்டிக்கத்தக்கதே. ஆனால், நடந்ததைப் பயன்படுத்திக்கொண்டதற்குச் சான்று இருக்கிறது, நடத்திவைத்ததற்கு இல்லை. விலை இறங்கியும் புஷ்ஷின் குடியரசுக் கட்சி இரு அவைகளையும் இழந்தது. இராக் போரும் ஊழல் புகார்களும் வாக்காளர் மனத்தில் பெட்ரோல் விலையைவிடக் கனத்திருந்தன.