திருமலை நாயக்கர் மகாலும் சுண்ணாம்பின் விந்தையும்

பழைய அரண்மனையைக் காணச் செல்வோர் எதை எதிர்பார்த்துச் செல்கின்றனர்? அரசர் அமர்ந்த இருக்கை, உறங்கிய கட்டில், ஏற்றிவைத்த விளக்கு ஆகியவற்றைத்தான். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் இத்தகைய பொருள்களை இன்றும் காணலாம். ஆனால், செல்லூரிலிருந்து வைகையைக் கடந்து வந்து திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைந்தால், மாபெரும் தூண்களையும் வெறுங்கூடத்தையுமே காண்பீர்கள்.

காரணம் என்ன? 1636-இல் எழுந்த இம்மாளிகை, இன்று நாம் காண்பதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பெரியது. திருமலை நாயக்கரின் பேரரான சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, இதன் பல பகுதிகளைப் பெயர்த்து எடுத்துச் சென்றார். எஞ்சியதும் சிதைந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு இதனைப் பழுதுபார்க்கச் செய்தார். கட்டடம் பிழைத்தது, தட்டுமுட்டுச் சாமான்கள் திரும்பவில்லை.

எனினும், அக்காலக் கைத்திறன் ஒன்று கண்முன்னே நிற்கிறது. செங்கல் வளைவுகளை அணிசெய்யும் சுதை வேலைதான் அது. அதன் அடிப்படை சுண்ணாம்பு.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். எஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் நீர் வார்த்தால் அது கொதித்து நீறும். அதை மணலுடன் சேர்த்து அரைத்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று மீண்டும் கல்லாகிவிடுகிறது! மேற்பூச்சில் முட்டையின் வெண்கருவைக் கலந்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள்.

இத்தகைய சுவரில் விரிசல் கண்டால் சிமெண்டால் அடைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதுவே பெருந்தீங்காக முடியும். பழைய செங்கற்சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைக்கிறது. உள்ளே தங்கும் ஈரத்திலுள்ள உப்புகள் படிகமாகி விரிவதால் செங்கல் பொடிந்து உதிர்கிறது. ஆகவே, சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்க வேண்டும்.

மகாலின் தூண்களில் பெயர்களைக் கீறிவைத்துச் செல்வோரும் உண்டு. மெருகுப் பூச்சு மிக மெல்லியது. ஒரு கீறல் போதும். மழைநீரும் தூசியும் உள்ளே இறங்கிவிடும். அடுத்த முறை நீங்கள் அங்கே செல்லும்போது, தூண்களைத் தொடாமல் அண்ணாந்து வளைவுகளைப் பாருங்கள். அரசரின் கட்டிலும் விளக்கும் போய்விட்டன. கொத்தர்களின் கைவேலையையாவது நம் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவைப்போம்.