ரிப்பன் மாளிகையிலிருந்து வந்த குரல்

சென்னை வானொலியின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் 1938-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். அதற்கு முன்னரே இந்நகரின் காற்றில் குரல்கள் ஒலித்தன என்பதையும், அக்குரல்களுக்கு இருமுறை உரிமையாளர் மாறினர் என்பதையும் நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் நிகழ்ச்சிகள் மட்டும் மாறவில்லை. கேட்பவர் யார் என்பதும் மாறியது.

முதல் உரிமையாளர் ஓர் ஆர்வலர் குழு. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாயிற்று. ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கிற்று. முதலில் 40 வாட், பின்னர் 200 வாட் திறன்கொண்ட கருவி. மாலை வேளைகளில் இசையும் உரைகளும் ஒலித்தன. நாட்டின் தொடக்ககால ஒலிபரப்பு முயற்சிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் பொருள் போதவில்லை. காற்றில் விட்ட ஒலிக்கு வேலி கிடையாது. சந்தா செலுத்தியவரும் செலுத்தாதவரும் ஒன்றாகவே கேட்கலாம். 1927-இல் கழகம் ஒலிபரப்பை நிறுத்தித் தன் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது.

அதே ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த இந்திய ஒலிபரப்பு நிறுவனமும் மூன்றாண்டுகளுக்குள் நொடித்துப்போயிற்று. 1930 ஏப்ரல் 1 அன்று அந்நிலையங்களை இந்திய அரசு ஏற்றுக்கொண்டது. அன்றைய தினமே சென்னையில் மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது என்பது வரலாற்றின் விந்தையான பொருத்தம். அங்கே அரசு, இங்கே, சாலைக்கும் குடிநீருக்கும் பொறுப்பேற்றிருந்த ஓர் உள்ளாட்சி மன்றம்.

மாநகராட்சியின் நிகழ்ச்சி நிரல் எளியது. அன்றாடம் மாலையில் இரண்டு மணி நேரம் இசை. பள்ளி நாட்களில் நான்கு மணிக்கு அரை மணி நேரம் சிறுவர்க்கான கதையும் இசைப்பாடமும். ஞாயிறு காலைகளில் இசைத்தட்டுகளின் வழியே மேனாட்டு இசை. நம்மை வியக்கவைப்பது நிரலன்று, அது சென்று சேர்ந்த இடங்களே. கடற்கரையிலும், ராயபுரம் ராபின்சன் பூங்காவிலும், பீப்பிள்ஸ் பார்க்கிலும், மாநகராட்சிப் பள்ளிகளிலும் ஒலிபெருக்கிகள் நிறுவப்பெற்றன. கழகத்தின் காலத்தில் கருவி வாங்கும் வசதி உடையவரே கேட்பவர். இப்போதோ மாலைக் காற்று வாங்க வந்தவரெல்லாம் கேட்பவராயினர். தெருவிளக்கின் ஒளிபோல இசையும் நகரத்தாரின் பொதுச்சொத்தாயிற்று. சபாக்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்க இயலாதவர்க்கு இது சிறிய பேறா?

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறந்தது. மாநகராட்சியின் ஒலிபரப்பு அத்துடன் முடிவுற்றது. நகருக்கு 250 வாட் மத்திய அலை, மாகாணத்துக்கு 10 கிலோவாட் சிற்றலை. மாநகராட்சியின் 200 வாட் கருவி எட்டாத ஊர்களையெல்லாம் புதிய நிலையம் எட்டியது. பெரும் வித்துவான்களின் கச்சேரிகள் திண்ணைகளைத் தேடிச் சென்றன. இதை இழப்பு என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது. ஆயினும் எதை ஒலிபரப்புவது என்ற முடிவு ரிப்பன் மாளிகையை விட்டு நீங்கித் தில்லியின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. நகரம் தன் குரலுக்குத் தானே உரிமையாளராக இருந்த எட்டாண்டுகள் முடிந்தன.

முற்றிலும் முடிந்தன என்றும் சொல்லிவிட முடியாது. பள்ளிச் சிறுவர்க்கான அந்த அரை மணி நேரத்தின் நோக்கம், பிற்காலத்தில் சென்னை வானொலியின் கல்வி ஒலிபரப்பில் தொடர்ந்தது, அப்பிரிவில்தான் தி. ஜானகிராமன் பல ஆண்டுகள் பணியாற்றினார். பூங்காக்களில் மாலைதோறும் வானொலி ஒலிக்கும் வழக்கமும் தமிழகத்தில் நெடுங்காலம் நீடித்தது. குரல் கைமாறியது, கூடிக் கேட்கும் பழக்கம் எஞ்சியது.

இன்று ஒவ்வொருவர் காதிலும் தனித்தனி ஒலி. நூறாண்டுகளுக்கு முன் கழக உறுப்பினர் கேட்டதைப்போல, நாமும் தனித்தே கேட்கிறோம். நடுவில் ஒரு சிறு காலம், ஒரு நகரம் முழுதும் ஒரே பாட்டைத் திறந்தவெளியில் அமர்ந்து கேட்டது என்பதை நினைவில் கொள்வது நல்லது.