திரையில் ஓடிய பெயர்

லினக்ஸின் வரலாறு 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸோடு தொடங்குகிறது. அதை வலையமைப்பில் சேர்த்தவர்களுள் டொனால்ட் பெக்கரை நான் முதன்மையானவராகக் கருதுகிறேன்.

அன்றைய ஐஎஸ்ஏ வலையமைப்பு அட்டைகள் பல, தாம் இருக்குமிடத்தைத் தாமே அறிவிக்கமாட்டா. கணினி துழாவித் தேடுகையில் வேறோர் அட்டையைத் தொட்டு உறைந்துவிடுவதும் உண்டு. ஆகவே, தொடக்கக் கட்டளையில் ‘ஈதர்=’ என எழுதி, குறுக்கீட்டு எண்ணையும் முகவரியையும் நாமே கொடுக்கவேண்டியிருந்தது. அதனை லைலோவின் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தாலும், லைலோவை மீண்டும் ஒருமுறை இயக்கினாலன்றி மாற்றம் செல்லாது.

அவ்வட்டைகள் பலவற்றுக்கு இயக்கி நிரல் எழுதி, எவரும் எடுத்தாள விட்டவர் பெக்கர். 1994இல் நாசாவில் அவரும் தோமஸ் ஸ்டேர்லிங்கும் 16 செயலிகளை ஈதர்நெட்டால் இணைத்துப் பேவுல்ஃப் கணினிக் கொத்தை அமைத்தபோது கைகொடுத்தவை அவருடைய இயக்கிகளே.

அச்சுக்கோப்பாளரின் பெயரைப் பத்திரிகை இடுவதில்லை என்பதை அறிந்தவன் நான். அந்தக் கணினிகள் தொடங்குகையில், அட்டையைக் கண்டறிந்த வரியோடு பெக்கரின் பெயரும் திரையில் ஓடியது என்பது எனக்கு நிறைவளிக்கிறது.