கிருமியின் தடமும் மனிதரின் சந்தேகமும்

கண்டி மாநகரையும் அதனைச் சூழவுள்ள ஊர்களையும் சேர்ந்த மக்களுக்குத் தொற்றுநோய் அனுபவம் புதிதன்று. 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகியபோது, கூடுதலாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்றாயிருந்தது. 2020 மார்ச் இறுதியில் கொவிட்-19 தொற்றாளர் ஒருவர் அடையாளம் காணப்பட்டதை அடுத்து, அக்குறணை நகரம் முற்றாகத் தனிமைப்படுத்தப்பட்டது. இத்தகைய வேளைகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. நோய் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. யார் கொண்டுவந்தார் என்பது மற்றொன்று. முதலாவது கேள்வி விஞ்ஞானத்துக்கு உரியது. இரண்டாவது கேள்வியோ பெரும்பாலும் சந்தேகத்தினாலேயே விடையளிக்கப்பட்டு வந்துள்ளது.

அக்குறணை பெரும்பான்மையாக முஸ்லிம்கள் வாழும் வர்த்தக நகரம். அந்த நாட்களில் தொற்றாளரின் மதத்தைச் சுட்டிக்காட்டிச் செய்தி வெளியிட்ட ஊடகங்களும் இருந்தன என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் வதந்தி எவ்வாறு தீயாக மாறியது என்பதைக் கண்ட மாவட்டத்தில் இது சிறிய விடயமன்று. அதனைத் தொடர்ந்து 2020 ஏப்ரலில் கொவிட் நோயினால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்வதையும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அனுமதித்திருந்தது. எனினும் 2021 பெப்ரவரி இறுதி வரை அந்த விதி நீடித்தது. அதற்குப் பின்னரும் கண்டிப் பிரதேச முஸ்லிம்கள் தமது உறவினரின் ஜனாஸாக்களை ஓட்டமாவடி வரை கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஆதாரம் பேச வேண்டிய இடத்தில் அச்சம் பேசியதன் விலை அது.

ஆதாரம் எவ்வாறு பேசும்? வைரஸ் ஒன்று மனித உடலில் தன்னைப் பிரதி செய்யும்போது ஆங்காங்கே ‘எழுத்துப் பிழைகள்’ நேர்கின்றன. அப்பிழைகள் அடுத்த தொற்றாளருக்கும் கடத்தப்படுகின்றன. ஓர் ஏட்டைப் பார்த்துப் பலர் பிரதி எழுதும்போது, முதற் பிரதியில் நேர்ந்த பிழை அதனைப் பார்த்தெழுதிய எல்லாப் பிரதிகளிலும் தொடர்வது போன்றதே இது. சி.வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்புநோக்கினர். ஒரே பிழையைக் கொண்ட ஏடுகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதை அத்தகைய ஒப்பீடு காட்டிவிடும். மரபணு வரிசைப்படுத்தலில் விஞ்ஞானிகள் செய்வதும் அதுவே. கொவிட் வைரஸின் மரபணுவில் ஏறத்தாழ 30,000 எழுத்துக்கள் உள்ளன. மாதத்துக்குச் சராசரியாக இரண்டு எழுத்துக்கள் மாறுகின்றன. ஆதலால் இரு மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாட்டை எண்ணி, அவற்றின் பொது மூதாதை எக்காலத்துக்குரியது என்பதையும் மதிப்பிட முடிகிறது.

இலங்கையில் இம்முறை எதனை வெளிப்படுத்தியது என்பது நமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்றுக் கொத்தணிகள் தோன்றின. எங்கு முதலில் தொடங்கியது, எவரிடமிருந்து எவருக்குச் சென்றது என்று நாடே விவாதித்தது. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 373 நோயாளரின் மாதிரிகளை 2021 ஏப்ரல் வரை ஆராய்ந்தனர். அந்த அலையில் மேலோங்கியிருந்தது பி.1.411 என்ற ஒரே கிளை என்பதை அவர்கள் கண்டனர். அக்கிளையின் பொது மூதாதை 2020 ஜூன் தொடக்கத்துக்குரியது என்பதே அவர்களது மதிப்பீடு. அதன் பிழையெல்லை மார்ச் இறுதி முதல் ஜூலை இறுதி வரையாகும். அதாவது, நாடு நோயை வென்றுவிட்டதாக நம்பிய மாதங்களில் அது எவரது கண்ணிலும் படாமல் பரவியிருக்கக் கூடும். மினுவாங்கொடையில் முதலில் அடையாளம் காணப்பட்ட பெண் தொழிலாளியைத் தூற்றியவர்கள் இந்த முடிவை வாசித்தார்களோ தெரியாது. பின்னர் 2021 ஏப்ரல், மே மாதங்களில் அல்பா திரிபு பி.1.411 கிளையின் இடத்தைப் பிடித்துக்கொண்டதையும் இதே முறையே காட்டியது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மாதத்துக்கு இரண்டே மாற்றங்கள் நிகழ்கின்றன. நோயோ சில நாட்களுக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றிவிடுகிறது. எனவே அடுத்தடுத்துத் தொற்றுக்குள்ளான பலரிடம் ஒரே வரிசை காணப்படலாம். அப்போது யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என மரபணுவை மட்டும் வைத்துக்கொண்டு கூற இயலாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாகச் சென்று திரட்டும் விபரங்கள் இன்றி இது அரைகுறை அறிவாகவே இருக்கும். மாதிரிகள் ஓரிடத்திலிருந்தே பெறப்பட்டால் நோயும் அங்கிருந்தே பரவியது போன்ற தோற்றம் உண்டாகும் என்பதும் கவனத்திற்குரியது. தனியொருவரைக் குற்றவாளியாக்க மரபணுவைத் துணைக்கு அழைப்போருக்கு இது பயன்படாது, பயன்படவும் கூடாது.

கண்டியைப் பொறுத்தவரை டெங்குவே ஆண்டுதோறும் திரும்பிவரும் நோய். அதன் நான்கு வகைகளும் 1989க்கு முன்னரே இலங்கையில் இருந்தன. ஆயினும் கடுமையான டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சல் அக்காலத்தில் அரிதாகவே இருந்தது. அதன்பின் நிலைமை ஏன் மாறியது என்பதைப் பழைய, புதிய மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, மூன்றாம் வகைக்குள்ளேயே புதிய கிளையொன்று பழையதை அகற்றி நிலைபெற்றிருந்தமை தெரியவந்தது. 2009ஆம் ஆண்டுத் தொற்றலையின்போது பரவிய முதலாம் வகையும் முன்னர் இங்கு காணப்பட்டதன்று. ஏனைய ஆசிய நாடுகளில் அண்மையில் காணப்பட்ட வைரசுகளுக்கு அது நெருங்கியதாக இருந்தது. 2017இல், 2009 முதல் அரிதாகவே காணப்பட்டுவந்த இரண்டாம் வகை மேலோங்கியது. ஒரு வகைத் தொற்றிலிருந்து குணமடைந்தவருக்கு வேறொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் அபாயம் கூடுதல். ஆகவே எவ்வகை நுழைந்துள்ளது என்பதை மருத்துவமனை நிரம்பும் முன்னரே அறிவது வைத்தியர்களுக்கு வேண்டிய ஒன்றாகும்.

இவ்வறிவு தலைநகரச் சூழலில் மட்டும் தங்கியிருக்க வேண்டிய காரணமில்லை. 2015இல் மேற்கு ஆபிரிக்காவின் கினியாவில் எபோலா பரவியபோது, விஞ்ஞானிகள் உள்ளங்கையில் அடங்கும் வரிசைப்படுத்தும் கருவிகளைப் பயணப் பெட்டிகளில் எடுத்துச் சென்றனர். 142 மாதிரிகளை அங்கேயே வாசித்தனர். மாதிரி கிடைத்து 24 மணித்தியாலத்துக்குள்ளேயே முடிவு கூற முடிந்தது. மின்சாரமும் இணைய வசதியும் சீராக இல்லாத நாட்டில் இது இயன்றது. பேராதனையில் மருத்துவ பீடமும் மிருக வைத்திய பீடமும் அருகருகே உள்ளன. கண்டி தேசிய வைத்தியசாலை 2020இல் பி.சி.ஆர். பரிசோதனைகளை நடத்திய அனுபவமுடையது. கட்டடமும் கற்றவரும் இங்கு உண்டு. தேவைப்படுவன இரசாயனப் பொருட்களுக்கான தொடர்ச்சியான நிதியும், தொற்று இல்லாத காலத்திலும் கம்பளை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, திகனை என எல்லாப் பகுதிகளிலிருந்தும் சிறிதளவு மாதிரியேனும் பெறும் ஒழுங்கும் ஆகும்.

மாவட்ட ரீதியான டெங்கு நோயாளர் எண்ணிக்கையைத் தொற்றுநோயியல் பிரிவு வாராந்தம் வெளியிட்டு வருகிறது. அதே ஒழுங்கில் எந்த வகை, எந்தக் கிளை என்ற விபரமும் மாவட்டம்தோறும் வெளியிடப்படுதல் வேண்டும். அது சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வர வேண்டும். அதில் ஊரின் பெயர் இருக்கலாம், மாதிரி பெறப்பட்ட திகதி இருக்கலாம். நோயாளியின் இனத்துக்கும் மதத்துக்கும் அந்த அட்டவணையில் நிரல் தேவையில்லை.